குளத்துக்குக் கொளுத்திய கற்பூரம்

ஓமான்
08.01.2024

என் ஜீவாவுக்கு,

நான் நல்ல சுகம். நீயும் மகள் சிவசக்தியும் சுகமா? எரிவாயு வயலுக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், நம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் சிக்னலும் கிடையாது. கடிதம்தான் கதி.

என்ன வேலை என்று கேட்டாய். எரிவாயுக் கிணற்றில் வாயுவோடு தண்ணீரும் வரும். அதைப் பெரிய குளங்களில் தேக்குவார்கள். தண்ணீரில் கரைந்த மீத்தேன் வாயு மெல்ல மேலே கசியும். கண்ணுக்குத் தெரியாது, வாசமும் இல்லை. கவிழ்த்த பெட்டியை மிதக்கவிட்டுப் பிடித்து அளப்போம். அளக்கிறவருக்கு நான் கையாள்.

அடுத்த மாதம் புதுக் குளம் தொடங்குகிறார்கள். சித்திரையில் ஒப்பந்தம் முடியும், வந்துவிடுவேன். ஸ்பிரிங்வெளிக் குளிருக்கு உடம்பு ஏங்குகிறது.

உன்
யோகராஜா


ஸ்பிரிங்வெளி
27.01.2024

சிவசக்தி அப்பாவுக்கு,

சும்மா கிடக்கிற தண்ணீருக்குள் அவ்வளவு இருக்கிறதா? எனக்கும் ஒரு பெட்டி அனுப்புங்கள். காலையில் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போகும்போது தலையில் கவிழ்த்துக்கொள்கிறேன். எனக்குள்ளிருந்து எவ்வளவு கசிகிறதென்று நீங்களே அளந்து பாருங்கள்.

ஹாலிஎல நப்ரீஸ் நானா லீவு முடிந்து திரும்பி அங்கேதான் வருகிறார். அவர் கையில் அம்மன் கோயில் கற்பூரம் கொடுத்திருக்கிறேன். தேயிலையைக் கவ்வாத்து வெட்டத் தொடங்குமுன் மலையில் கல்லுக்குக் கொளுத்துவோமே, அதுபோலப் புதுக் குளத்துக்கும் கொளுத்துங்கள். சாமியை மறந்துவிட்டு வேலை தொடங்காதீர்கள்.

“அப்பா எப்ப வருவாரு?” என்று மகள் உயிரை வாங்குகிறாள்.

உங்கள்
ஜீவராணி


ஓமான்
19.02.2024

ஜீவா,

நீ சொன்னபடியே செய்தேன். குளத்தங்கரையில் ஒரு கல் நட்டு, கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டேன். வெறும் தண்ணீர்தானே என்ற நினைப்பு. அளக்கிறவர் கூப்பிட்டதும் மிதந்த பெட்டியைக் கரைக்கு இழுத்துத் திருப்பினேன். உள்ளே சேர்ந்திருந்த வாயு கற்பூரத் தீயில் குப்பென்று பிடித்துக்கொண்டது. புருவம் மட்டும்தான் கருகியது, பயப்படாதே. அங்கே பீடிகூடப் பற்றவைக்கக் கூடாது. வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். வெள்ளிக்கிழமை கேம்ப்பைக் காலி செய்ய வேண்டும்.

(மறுபக்கம் பார்க்க)

இப்படி விரட்டப்பட்டு வந்து லயத்தில் எந்த முகத்தோடு நிற்பேன்? வேறொரு வயலில் ஆள் கேட்கிறார்கள். இரண்டு வருடம். சரி என்று சொல்லிவிட்டேன். கோபிக்காதே.

யோகராஜா


ஸ்பிரிங்வெளி
09.03.2024

சிவசக்தி அப்பாவுக்கு,

புருவம் முளைத்துவிட்டதா? கற்பூரம் அனுப்பிய பாவி நான்தான். உங்கள் வேலை போனதற்கு அழுதிருக்க வேண்டும். ஆனால் முன்பக்கத்தைப் படித்ததும் சிரித்துவிட்டேன். “அடியே, அப்பா வர்றாருடி!” என்று கத்திவிட்டேன். லயமே கூடிவிட்டது. விரட்டினார்களா, அனுப்பினார்களா என்று ஒருத்தரும் கேட்கவில்லை. “எப்ப வர்றாரு?” என்றுதான் கேட்டார்கள்.

அப்புறம்தான் தாளைத் திருப்பினேன்.

மகள் அதற்குள் தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் அந்தச் சட்டையோடுதான் பதுளை பஸ்ஸுக்குக் காத்திருக்கிறாள். கழற்றச் சொன்னால் அழுகிறாள்.

மறுபக்கத்தை அவளுக்கு நான் வாசிக்கவில்லை. அதை நீங்களே வந்து வாசித்துக் காட்டுங்கள்.

ஜீவராணி