வேர்க்காத வெயில்

நீர் போய்ச் சேர்ந்த முப்பத்தோராம் நாளுக்குப் போட ஒரு நல்ல சட்டை தேடி, பேஸ்மென்டில் கிடந்த பெட்டியைக் கிளறினேன். லொறி ஓட்டிய காலத்துக் காக்கிச் சட்டை கையில் வந்தது. உதறியபோது மார்புப் பையிலிருந்து ஒரு காய்ந்த சுள்ளி விழுந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லை. கசக்கி முகர்ந்தேன். ஆறு வருஷமாகியும் வாசம் போகவில்லை, காணும். கற்பூரத்தையும் ஓமத்தையும் ஒன்றாக இடித்த மாதிரி ஒரு வாசம். மொன்றியல் ரொக்ஸ்பரோவில் நின்றவன் ஒரு நொடியில் நெவாடாவின் மேட்டுப் பாலைவனத்தில் போய் நின்றேன்.

வீதியோரம் சாம்பல் பச்சையாய்ப் பரந்து கிடந்த பற்றையிலிருந்து அதைப் பிடுங்கியவர் நீர். என் பைக்குள் செருகிவிட்டு, "மொன்றியலுக்குப் போய்க் கதை அளக்கேக்க சாட்சிக்கு ஒண்டு வேணுமெல்லோ" என்றீர்.

சாட்சியை நான் பெட்டிக்குள் போட்டுவிட்டேன். கதையை மட்டும் எடுத்துக்கொண்டு திரிந்தேன்.

சென்ற ஞாயிறு உமது மகள் வந்தாள். உமது நாளுக்கு வருகிறவர்கள் கையில் உமது நினைவாகக் கொடுக்கிற கல்வெட்டுப் புத்தகம் அச்சுக்குப் போகிறதாம். "சவா மாமா, நீங்கள் கட்டாயம் எழுத வேணும். அப்பாவைப் பாலைவனத்தில தூக்கிக்கொண்டு நடந்த கதை. எல்லாரும் அதைத்தான் கேக்கினம்" என்றாள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் என்றாலும், எழுத்தில் எனக்குக் கிட்ட வர ஆளில்லை என்பது உமக்குத் தெரியும். அஹுன்ட்சிக்கிலிருந்து டவுன்டவுன் வரை எத்தனை கல்யாண வாழ்த்துமடல் இந்தக் கையால் போயிருக்கிறது! "ஒரு மணித்தியாலத்தில எழுதித் தாறன் பிள்ளை" என்றேன். இன்றைக்கு ஐந்து நாள். நாலு மணிக்கு வந்து வாங்கிக்கொண்டு போவதாகச் சொல்லியிருக்கிறாள்.

அந்தக் கதையை நீர் நூறு தரம் கேட்டிருப்பீர். ஐம்பத்தைந்து பாகை வெயில். லொறியின் மூக்கில் முட்டை உடைத்து ஊற்றினால் பொரியும். வீதிக்குக் குறுக்கே பனங்குற்றித் தடிப்பில் ஒரு பாம்பு. நீர் மயங்கி விழுகிறீர். நான் உம்மைத் தோளில் போட்டுக்கொண்டு நடக்கிறேன். முதலில் ஒரு மைல் என்றுதான் தொடங்கினேன். ஒவ்வொரு பிறந்தநாள் கொண்டாட்டத்துக்கும் பாதை நீண்டு, போன வருஷம் ஐந்து மைலில் வந்து நின்றது. மேசையின் மூலையில் ரோல்ஸ் ஒன்றைக் கடித்தபடி நீர் இருப்பீர். நான் முடித்ததும் சுற்றியிருந்தவர்களைப் பார்த்து ஒன்றே ஒன்று சொல்வீர். "பாதியைக் கழியுங்கோ."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பாதியைக் கழித்தாலும் நான் உம்மை இரண்டரை மைல் சுமந்தவன்தானே. அது எனக்கு வசதியாகப் போய்விட்டது.

2002 யூலை. கடதாசி உருளைகள் ஏற்றிக்கொண்டு ஐந்தாவது நாளாக ஓடிக்கொண்டிருந்தோம். அன்று விடியற்காலையில் பல் கிடுகிடுத்தது. நீர் குளிர்ச்சட்டை போட்டுக்கொண்டு பல் தீட்டினீர். நான் உம்மைப் பகிடி பண்ணினேன். ஆறாயிரம் அடி உயரம் அது. சூரியன் ஒரு முழம் ஏறியதும் அந்தக் குளிர் எங்கே போனதென்று தெரியாது. பத்து மணிக்குக் கதவுப்பிடி சுட்டது. காற்றில் ஈரம் என்ற பேச்சே இல்லை. துவைத்த சட்டையைப் பிழிந்து முடிக்குமுன் அது காய்ந்துவிடும்.

லொறிக்குக் காஸ் அடித்த இடத்தில் காசு வாங்கிய கிழவி, தண்ணீர் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். அடுத்த ஊர் எண்பது மைல் தள்ளி என்றாள். என் ஆங்கிலத்தில் அவளுக்கு ஒரு பிரசங்கம் வைத்துவிட்டு, உம்மிடம் கையை நீட்டிக் காட்டினேன்.

"ஒரு சொட்டு வேர்வை இருக்கோ பாரும். வேர்க்காத வெயில் ஒரு வெயிலோ? நாங்கள் சித்திரை வெயிலில வெறுங்காலோட தார் றோட்டில நடந்த ஆக்கள்!"

"எனக்கெண்டா நாக்கு ஒட்டுது காணும்" என்றீர்.

"உமக்கு எப்பவும் ஒரு ஒட்டல்."

நீர் மறுபேச்சில்லாமல் போய் நாலு லீற்றர் தண்ணீர்க் கான் ஒன்று வாங்கி வந்தீர். நான் அதற்கும் சிரித்தேன்.

எங்கள் ஊர்க் கடற்கரையில் வெயில் என்றால் வேர்வை. சட்டை முதுகோடு ஒட்டினால்தான் உடம்பு சுடுகிறது என்று நம்பிய ஆட்கள் நாங்கள். அந்த மேட்டில் வேர்வை தோலுக்கு வெளியே வந்ததும் வராததுமாகக் காற்று அதைக் குடித்துவிடுகிறது. மிஞ்சுவது சட்டையில் வெள்ளையாய் ஓர் உப்புக் கோடு. அந்தக் கோட்டை நான் தூசி என்று தட்டிவிட்டேன். ஏசியை நிற்பாட்டி ஜன்னலைத் திறக்கச் சொன்னதும் நான். பெரிய வீதியை விட்டுக் குறுக்கு வழியில் திருப்பியதும் நான்.

பன்னிரண்டு மணிக்கு எஞ்சினிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வந்தது.

"பொறும், ஆறட்டும். எங்க ஒழுகுதெண்டு முதல்ல பாப்பம்" என்றீர்.

"எஞ்சினைப் பற்றி எனக்கோ சொல்லித் தாறீர்?" என்று கேட்டுக்கொண்டே உமது கானை எடுத்து முழுவதையும் ரேடியேட்டருக்குள் ஊற்றினேன். கீழே குழாய் பிளந்திருந்தது. ஊற்றிய தண்ணீர் அப்படியே தூசிக்குள் இறங்கியது. கானை மூடித் திரும்பிப் பார்த்தபோது மண் காய்ந்திருந்தது.

நீர் வெறும் கானைப் பார்த்தீர். ஒரு சொல் ஏசவில்லை. "சரி. பிளாஸ்க்கில தேத்தண்ணி கிடக்கு" என்றீர்.

செல்போனில் ஒரு கோடும் விழவில்லை. மூன்று மணித்தியாலம் ஒரு வாகனம் வரவில்லை. பின்னேரம் மலைப்பக்கம் முகில் கறுத்தது. சாம்பல் சீலை தொங்கின மாதிரி மழை இறங்குவது கண்ணுக்குத் தெரிந்தது. நான் பிள்ளை மாதிரி வாயைத் திறந்துகொண்டு நின்றேன். அது நிலத்தைத் தொடவில்லை. பாதி வானத்திலேயே காய்ந்து போனது. அதற்குப் பிறகுதான் என் கால் இரண்டும் பிடித்து இழுத்தது, தலை சுற்றியது. லொறிக்குக் கீழே நிழலில் படுத்து, என் மனிசியின் பெயரைச் சொல்லி அழுதேன். மயங்கி விழுந்தவன் நான், காணும்.

நீர் பிளாஸ்க் மூடியில் தேநீர் ஊற்றி என் வாயில் வைத்தீர்.

"நீர் குடிச்சனீரோ?"

"ஓம், நான் அப்பவே குடிச்சிட்டன். கதையாமல் குடியும்."

அந்தப் பிளாஸ்க்கில் ஐந்து கோப்பைதான் பிடிக்கும். நான் ஐந்து கோப்பை குடித்தேன். எட்டாம் வகுப்புக் கணக்குக்கே அது பிடிபடும். ஆனால் அன்று நான் கணக்குப் பார்க்கவில்லை.

பிறகு பனியனைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டு, தூரத்தில் வீதி மேடாகும் இடத்துக்கு நீர் நடந்தீர். மாடு வளர்க்கிற ஒருவருடைய பிக்கப்பில் திரும்பி வந்தபோது உமது உதடு வெடித்து இரத்தம் காய்ந்திருந்தது. குனிந்து, என் அக்குளில் கைகொடுத்துத் தூக்கி ஏற்றியவர் நீர். சின்ன ஆஸ்பத்திரி ஒன்றில் இரண்டு பேருக்கும் சேலைன் ஏற்றினார்கள். எனக்கு ஒரு போத்தல். உமக்கு மூன்று.

மொன்றியல் வந்து முதல்முறை அந்தக் கதையைச் சொல்லும்போது, லொறிக்குக் கீழே கிடந்து அழுதவன் நான் என்று சொல்ல வாய் வரவில்லை. ஆளை மாற்றிச் சொன்னேன். நீர் பக்கத்தில்தான் இருந்தீர். திருத்துவீர் என்று பயந்தேன். நீர் திருத்தவில்லை. அடுத்த முறை எனக்குப் பயமும் இருக்கவில்லை.

மூன்று வருஷத்துக்குப் பிறகு உமது சிறுநீரகம் பழுதாகி, கிழமைக்கு மூன்று நாள் டயலிசிஸ் என்றானது. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த என்னிடம், "இது நீரிழிவு வருத்தத்தால வந்தது. டொக்டர் சொன்னவர், ஒரு நாள் வெயிலால இப்பிடி வராதாம்" என்றீர். நான் உம்மிடம் எதையும் கேட்டிருக்கவில்லை. நான் கேட்கத் துணியமாட்டேன் என்று தெரிந்து, நீராகவே பதிலைச் சொன்னீர். எண்ணி எண்ணித் தண்ணீர் குடிக்க வேண்டிய ஆள் நீர். தாகம் எடுத்தால் ஐஸ் கட்டி ஒன்றை வாயில் போட்டுச் சூப்புவீர். அப்படி இருந்த உமக்கு முன்னால் என் மனிசி போட்டுத் தந்த தேநீரைக் குடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரருக்கு அதே பாலைவனக் கதையைச் சொன்னவன் நான். அன்றைக்கும் நீர், "பாதியைக் கழியுங்கோ" என்றீர். குரல் சரியாக வரவில்லை.

அன்று சொல்லியிருக்கலாம். பிறகும் எத்தனையோ நாள் இருந்தது.

உம்மை எடுத்த அன்று மண்டபத்தில் உமது மகள் என் இரண்டு கையையும் பிடித்தாள். "நீங்கள் அண்டைக்கு அப்பாவைத் தூக்காட்டி எங்களுக்கு இவ்வளவு காலம் அவர் கிடைச்சிருக்கமாட்டார் மாமா." நீர் பெட்டிக்குள் கிடக்கிறீர். பாதியைக் கழிக்கச் சொல்ல ஆளில்லை. நான் தலையை ஆட்டினேன். அவள் என் கையில் கண்ணை ஒற்றினாள். அந்த ஈரத்தை நான் வாங்கிக்கொண்டேன்.

இப்போது மூன்றே முக்கால். இதை அவள் வாசித்த பிறகு எனக்கு மாமா என்ற பெயர் மிஞ்சுமோ தெரியாது. தகப்பனைப் பற்றிய உண்மை அவளுக்கு மிஞ்சும். இதைத்தான் கல்வெட்டில் போடச் சொல்லப்போகிறேன்.

என் கார் டிக்கியில் எப்போதும் ஒரு தண்ணீர்க் கான் கிடக்கும். தை மாதத்தில் அது கல்லாய் உறைந்து, ஒவ்வொரு வளைவிலும் உருண்டு இடிக்கும். "பனிக்குள்ள தண்ணி காவுற ஒரே ஆள் நீங்கள்தான்" என்று மனிசி சிரிப்பாள். ஏன் என்று அவளுக்கும் இன்றுவரை சொல்லவில்லை.

எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தேன், நீர் கழிக்கச் சொல்லும் பாதி எங்கே இருக்கிறதென்று. பாம்பு இருக்கவில்லை, அது வெடித்த டயரின் துண்டு. முட்டை எங்களிடம் இருக்கவில்லை. ஐம்பத்தைந்து பாகையும் இல்லை, முப்பத்தெட்டு. காஸ் அடித்த இடத்து வாசலில் தொங்கிய வெப்பமானியை நீர் எனக்குக் காட்டினீர். நான் பார்க்காதவன் மாதிரி லொறியில் ஏறினேன்.