கடைசிச் சண்டையில் யார் ஜெயித்தது?

டத்தோ கிராமாட்,
செவ்வாய்க்கிழமை.

பாசமுள்ள இமானுக்கு,

யுகேந்திரன் எழுதுவது. நான் நலம். உன் ஹாஸ்டலில் கைப்பேசியைப் பிடுங்கி வைத்ததால் பேனாவைப் பிடித்திருக்கிறேன். எங்கள் தமிழ் டீச்சருக்குத் தெரிந்தால் மயங்கி விழுவார். அலோர் ஸ்டார் சாப்பாட்டில் கறி இருக்கிறதா, கறி வாசம் மட்டும்தானா?

"கடைசிச் சண்டையில யார் ஜெயிச்சா? இந்த ஒரு தடவையாவது புளுகாம சொல்லு லா" என்று கேட்டிருந்தாய். சொல்கிறேன்.

சனிக்கிழமை மாலை நம் கார்ட்டூனின் கடைசிப் பகுதியை உங்கள் டீக்கடை டிவியில்தான் பார்த்தேன். உன் நாற்காலியில் என் பையை வைத்திருந்தேன். நம் வகுப்பு ஹைருல் உட்கார வந்தான். "ஆள் இருக்கு" என்று விரட்டிவிட்டேன்.

அருவி உச்சியில் சண்டை. உன் செம்பருந்து பறந்து பறந்து உதைத்தான். என் கருநாகன் வழக்கம்போல் காலை வாரினான். இரண்டு பேருக்கும் மூக்கில் ரத்தம், ஆனால் தலைமுடி கலையவே இல்லை. கார்ட்டூன்காரர்கள் என்ன எண்ணெய் தடவுகிறார்களோ!

திடீரென்று கருநாகன் கையை இறக்கினான். குருவின் ஓலையைத் திருடியது அவன், துரத்தப்பட்டது செம்பருந்து, ஞாபகம் இருக்கிறதா? "நான்தான்னு உனக்குத் தெரியும். ஏன் சொல்லல?" என்று கேட்டான். "நீயே சொல்லுவேன்னு பார்த்தேன்" என்றான் உன் ஆள்.

ஐம்பத்திரண்டு வாரம் கருநாகனுக்குக் கத்தியவன் நான். அன்றைக்கு அவனைப் பாதியிலேயே விட்டுவிட்டேன்.

எழுந்து கல்லாவில் இருந்த உன் அத்தாவிடம் போனேன். "மாமா, நீங்க தப்பான ஆளை ஹாஸ்டலுக்கு அனுப்பிட்டீங்க. தைப்பூசத்தன்னிக்கு சீனி டப்பாவுல உப்பைக் கொட்டினது நான்" என்றேன். ரதம் பார்க்க வந்தவர்களுக்கு உன் அத்தா ஆசையாகக் கொடுத்த இலவச டீ அது. நாற்பது பேர் துப்பினார்கள். என் கையில் உப்புப் பொட்டலத்தைப் பார்த்தும் நீ வாய் திறக்கவில்லை.

உன் அத்தா ஒரு டீ போட்டு, நன்றாக இழுத்து ஆற்றி, என் முன்னால் வைத்தார். உப்பு டீ. "குடி தம்பி. சிந்தாம குடி." கடைசிச் சொட்டு வரைக்கும் நின்று பார்த்தார். பிறகு ஹைருலைக் கூப்பிட்டு, பட்டர்வொர்த்திலிருந்து அலோர் ஸ்டாருக்கு வெள்ளிக்கிழமை முதல் ரயில் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார்.

நான் திரும்பி வந்தபோது டிவியில் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஆகவே யார் ஜெயித்தது என்று எனக்குத் தெரியாது. புளுகு இல்லை. மூன்று நாளாகப் பள்ளியில் காதைப் பொத்திக்கொண்டு திரிகிறேன். ஹைருல் "சொல்லவா, சொல்லவா" என்று துரத்துகிறான்.

வருகிற சனிக்கிழமை மறுபடி போடுகிறார்கள். அத்தா வந்தால் முரண்டு பிடிக்காமல் பெட்டியைக் கட்டு. வந்ததும் முதலில் என்னை ஒரு குத்து குத்து, தடுக்க மாட்டேன். அப்புறம் பக்கத்தில் உட்கார். நாற்காலிக்கு நான் பொறுப்பு.

உன் வரவுக்காகக் காதைப் பொத்தியபடி,
யுகேந்திரன்