ஏழு கோடுகள்

தட்டாஞ்சாவடி
13 மார்ச் 2025

பிரான்சில் இருக்கும் நிர்மலாம்மாவுக்கு,

ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவிய காத்தவராயன் சொல்லச் சொல்ல, மருமகள் செந்தமிழ்ச்செல்வி எழுதுவது. சுகமா அம்மா? குளிர் விட்டதா?

நேற்று மாசி மகம். வைத்திக்குப்பம் கடற்கரைக்கு நான் போகவில்லை. ஆறு வருஷமாகப் போவதில்லை. காரணத்தை இன்று சொல்லிவிடுகிறேன்.

நம் ஊர்த் தண்ணீரில் பாட்டிலெல்லாம் வெள்ளை படியும். அந்த வெள்ளையை எடுக்க, உலோகத்தைக் கவ்விப் பிடிக்கும் அந்தப் பொடியைக் கரைத்து ஊறவைப்பேன். "நான் தட்டுல வளர்க்குற செல்லுக்கு அளந்து போடுற மருந்தும் இதேதாண்ணே. பாட்டில்ல தங்கிச்சின்னா குரோமோசோம் உடைஞ்சிடும், செல்லு செத்துடும். ஏழு தண்ணி விடுங்க" என்றீர்கள். எனக்கு எழுத்து வராது. ஒவ்வொரு அலசலுக்கும் அட்டையில் ஒரு கோடு போடுவேன்.

அந்த வருஷம் மாசி மகம் செவ்வாய்க்கிழமை. எங்கள் தெருச் சாமியைத் தீர்த்தவாரிக்குத் தூக்கும் முறை எனக்கு. பதினொரு பாட்டில் கிடந்தது. இரண்டு தண்ணீர்தான் விட்டேன். ஏழு கோடு போட்டுவிட்டு ஓடினேன்.

அந்த வாரம்தான் மருந்தே போடாத தட்டிலும் உங்கள் செல்கள் செத்தன. அட்டையைப் பார்த்தவர்கள் பாட்டிலைச் சந்தேகிக்கவில்லை. செல்லுக்கு உணவுநீர் கலக்கிய ஜெர்லின் பாப்பா தலையில் பழி விழுந்தது. அவர் வேலையை விட்டு அழுதுகொண்டே பையைத் தூக்கிப் போனதைத் துடைப்பத்தோடு நின்று பார்த்தேன்.

அவரிடம் போய்ச் சொல்லட்டுமா?

காத்தவராயன்
(கைநாட்டு)

லியோன்
2 ஏப்ரல் 2025

அன்புள்ள காத்தவராயண்ணே,

உங்கள் கடிதத்தை நாலு முறை படித்தேன். உங்கள்மேல் கோபம் இல்லை. கோபப்பட எனக்கு யோக்கியதையும் இல்லை.

ஜெர்லின் கலக்கிய நீரில், அந்தப் பாட்டில்களில் ஊற்றாமல் கொஞ்சம் மிச்சம் இருந்தது. புதுத் தட்டில் ஊற்றி நாலு நாள் வளர்த்துப் பார்த்தேன். செல்கள் செழிப்பாக இருந்தன. குரோமோசோம்களிலும் உடைசல் இல்லை. அவள்மேல் தவறில்லை என்று அன்றே எனக்குத் தெரியும். சொன்னால் என் கைத்தவறு என்பார்கள், பட்டம் நின்றுபோகும் என்று பயந்தேன். யாரும் பார்க்கும் முன் அந்தத் தட்டைக் கொட்டிவிட்டேன்.

இப்போது அவளை எதற்குக் கலைக்கவேண்டும்? விட்டுவிடுங்கள் அண்ணே. கெஞ்சிக் கேட்கிறேன்.

நிர்மலா

தட்டாஞ்சாவடி
28 ஏப்ரல் 2025

நிர்மலாம்மாவுக்கு,

இரண்டு வாரம் வாயை மூடி இருந்து பார்த்தேன். சோறு இறங்கவில்லை. நேற்று ஜெர்லின் வீட்டுக்குப் போய்விட்டேன்.

பக்கத்து மேட்டுப்பாளையத்தில் ஏதோ கம்பெனியில் தண்ணீர் பரிசோதிக்கிறாராம். என் பங்கை மட்டும் சொன்னேன். கேட்டுவிட்டு, "கோடு மட்டும் எவ்ளோ நேரா போட்டிருந்தீங்கண்ணே! எங்கம்மாகூட என்னை நம்பல. ‘நீதான் எதையாச்சும் மாத்திக் கலந்திருப்ப’ன்னு இன்னிக்கும் சொல்லுது" என்றார். உள்ளே போய் அம்மாவைக் கூட்டிவந்தார். "எனக்குச் சொன்னத அப்படியே சொல்லுங்க." சொன்னேன். அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. மகள் கையைப் பிடித்துக்கொண்டது.

வாசல்வரை வந்த ஜெர்லின், "நிர்மலாவுக்குத் தெரியுமாண்ணே?" என்று கேட்டார்.

செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். இரண்டும் காலில்தான் இருந்தன. அவர் அதைப் பார்த்துவிட்டார்.

நான் காட்டிக்கொடுக்கவில்லை அம்மா. மறைக்கவும் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, பத்து மணிக்குமேல் அவர் வீட்டில்தான் இருப்பாராம். போன் நம்பரைச் செல்வி தாளின் பின்பக்கம் எழுதியிருக்கிறாள்.

காத்தவராயன்
(கைநாட்டு)