ஓரடி குறைந்த பாய்

ஞாயிறு, இரவு

படகுக்குத் தைக்கக் கொடுத்திருந்த பாய் ஒரு மாதம் தாமதமாக இன்று வந்தது. அளந்தால், நான் சொன்ன உயரத்தில் ஓரடி குறைவு. தெப்ரா ஊரில் பாய் தைக்கும் செல்விக்கு போன் போட்டுக் கத்தினேன்.

“ஏத்திப் பாத்துட்டுத் திட்டுங்க லா, அண்ணே.”

ஏற்றினேன். பாய்மர உச்சிவரை கச்சிதமாக நின்றது, ஒரு சுருக்கம் இல்லை. என் அளவுதான் தப்பு. மறுபடி கூப்பிட்டேன்.

“எப்படிம்மா கண்டுபிடிச்ச?”

“பாய்மரத்துப் பக்கத்துல நின்னு போட்டோ அனுப்புனீங்க. உங்க உயரம் கேட்டேன்ல, அத வச்சுத்தான் மரத்தோட உயரத்தக் கணக்குப் போட்டேன். அதுக்குள்ள உங்க அளவுல தச்சு முடிச்சிருந்தேன். பிரிச்சுத் தைக்க நாளாயிருச்சு.”

உயரம் கேட்டதை வெட்டிப்பேச்சென்று நினைத்திருந்தேன். படகை அவள் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை. பத்து வருடமாக அதிலேயே கிடப்பவன் நான்.