நோன்புப் பீரங்கி

மச்சான்,

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், பாரிஸ் ரூ காய் தெருவில் இருக்கும் எங்கள் தமிழ்க் கடைக்குப் பேரீச்சம்பழம் வந்திறங்கிவிட்டது. பேரில்தான் பெருமை, பழம் பெருவிரல் அளவுதான். கடைக்காரர் பெட்டியை உடைத்ததும் அந்த வாசம் என்னை மறுபடியும் செங்கடல் கரையில் கொண்டுபோய் இறக்கிவிட்டது.

அந்தத் துறைமுகம்! முகம் இருந்தது, துறையைத்தான் காணோம். ஒரு காலத்தில் உலகத்துக்கே கோப்பி ஏற்றிய ஊராம். நாங்கள் போனபோது பவளக்கல் மாளிகைகள் பாதி சரிந்து, வாசற்படிவரை பாலைவனம் வந்து குந்தியிருந்தது. "கப்பலோடை வாறன்" என்று போன, எங்களை வெளிநாட்டுக்குக் கடத்தும் ஏஜென்சிக்காரன் திரும்பவில்லை. சாப்பாடும் இல்லை, பாஷையும் இல்லை. நான் மட்டும் வாய் ஓயாமல், "பயமெண்டால் என்னெண்டே எனக்குத் தெரியாது" என்று அளந்துகொண்டிருந்தேன்.

"ஒரு வயசு மூப்படா நான். முதல்ல அண்ணை எண்டு கூப்பிடு, பிறகு வீரம் பேசு" என்றாய்.

"ஏலாது, மச்சான்."

பொழுது சாய்ந்தது. கோட்டைப் பக்கம் திடீரென்று ஒரு முழக்கம்.

சண்டை நடந்த எங்கள் ஊரில் அந்தச் சத்தத்துக்கு ஒரே பொருள்தான். கவிழ்த்து வைத்திருந்த தோணிக்குக் கீழே பாய்ந்துவிட்டோம். வாய்க்குள் மண். அடுத்த ஷெல் எங்கே விழும் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். விழவில்லை. ஒரு வெள்ளைத் தாடி குனிந்து எட்டிப் பார்த்தது; பின்னாலேயே ஒரு கை நிறையப் பேரீச்சம்பழம். நோன்பு துறக்கும் நேரத்துக்குப் பீரங்கி சுடுவது அந்த ஊர் வழக்கமாம்.

"எழும்படா. உது குண்டில்லை, சாப்பாட்டு மணி." என் கையில் ஒரு பழத்தை வைத்தாய். "முதல்ல தின். பிறகு பயப்படுவம்."

அன்றைக்குக் கப்பல் வரவில்லை. என் மானம்தான் கப்பலேறியது.

எப்படியோ இருவரும் பாரிஸ் வந்து சேர்ந்தோம். போன வருடம் இங்கே தேசிய தினத்துக்கு வாணம் வெடித்தபோதும் என் முதுகில் கை வைத்து, "முதல்ல தின்" என்று அதையேதான் சொன்னாய். மாரிக் குளிரில் நெஞ்சுச்சளி உன்னைக் கொண்டுபோய்விட்டது.

இன்றைக்கு மறுபடியும் தேசிய தினம். அறைப் பெடியள், "வாவன்டா, வாணம் பாப்பம்" என்று கூப்பிட்டார்கள். "அதென்ன, சின்னப் பிள்ளையள் மாதிரி" என்று சிரித்து அனுப்பிவிட்டேன். தோணிக்குக் கீழே முதலில் பாய்ந்தது நீ என்றுதான் அவர்களுக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

தொடங்கிவிட்டது. ஜன்னல் அதிர்கிறது. நீ சொன்னபடி முதலில் ஒரு பழம் தின்றுவிட்டேன். பிறகு சேர்ந்து பயப்படத்தான் ஆளில்லை.

எழுத்துக் கோணலாயிருந்தால் குறை நினையாதேங்கோ, அண்ணை. மேசைக்குக் கீழே வெளிச்சம் காணாது.