சீட்டில்லாமல் கொடுத்த ஜெல்

மர்பி டவுன்,
24.9.2024

ஜூடித்துக்கு,

‘அன்புள்ள’ என்று எழுதக் கை வரவில்லை. என் நம்பரை ப்ளாக் செய்துவிட்டாய். வீட்டுக்கு வந்தால் உன் மாமியார் கதவைத் திறக்கமாட்டார். அதனால் நீ பில் போடுகிற துணிக்கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். படிக்காமல் கிழித்துப் போடுவதானால் போடு.

உன் கர்ப்பம் கலைந்துபோனது எனக்கு வெள்ளிக்கிழமைதான் தெரியும். கர்ப்பமாக இருந்ததே அப்போதுதான் தெரியும். உன் புருஷன் எரிக் எங்கள் மருந்துக்கடைக்குள் நுழைந்து, அந்த ஜெல் டியூபைக் கவுண்டர்மேல் தூக்கி அடித்து, “எம்புள்ளைய கொன்னுட்டியேடி” என்று கத்தினானே, அப்போது. கடையில் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். ஒருவர் போனில் படம் எடுத்தார். நீ அவன் முதுகுக்குப் பின்னால் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாய். நான் அவனைப் பார்க்கவில்லை, உன்னைத்தான் பார்த்தேன். ஐந்தாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் ஏதாவது சொல்லுவாள் என்று பார்த்தேன். நீ தரையைப் பார்த்தாய்.

கடை முதலாளி சந்தானம் சார் அன்றைக்கே என்னை நிறுத்திவிட்டார். பதினோரு வருட வேலை. “டாக்டர் சீட்டு இல்லாம ஏம்மா குடுத்த?” என்று ஒரே கேள்விதான் கேட்டார். சிநேகிதிக்குக் கொடுத்தேன் என்று எப்படிச் சொல்வது?

ஜூன் மாதம் மழையில் நனைந்துகொண்டு வந்து நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? தாடை முழுக்கச் சீழ்ப் பரு. “மேனேஜரு என்ன பில் கவுண்டர்லேர்ந்து தூக்கி குடோன்ல போடறேங்கறான்டி. டாக்டர பாக்க லீவு கேட்டா அதுக்கும் கத்துறான். ஏதாச்சும் குடுடி” என்று அழுதாய். அடாபலீன் ஜெல் எடுத்துக் கொடுத்தேன். முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, படுக்கும்முன் பட்டாணி அளவு, முகம் முழுவதற்கும் அவ்வளவுதான், கண்ணுக்கும் உதட்டுக்கும் கிட்டே கொண்டுபோகாதே, வெயிலில் போனால் சன்ஸ்க்ரீன் என்று வரிசையாகச் சொன்னேன். மூன்றாவது வாரம் போன் செய்து, தோல் உரிகிறது, பரு முன்னைவிட ஜாஸ்தியாகிவிட்டது என்று என்னைத் திட்டினாய். முதலில் அப்படித்தான் இருக்கும், ஒருநாள் விட்டு ஒருநாள் போடு, மூன்று மாதம் பொறு என்றேன். ஆகஸ்டில் முகம் தெளிந்ததும் போட்டோ அனுப்பினாய்.

இதையெல்லாம் நீ மறந்தாலும் பரவாயில்லை. கர்ப்பமா, குழந்தைக்குப் பார்க்கிறீர்களா என்று நான் கேட்டேனா இல்லையா? கேட்டேன் என்று ஒரு வரி எழுதி அனுப்பு. எனக்கு வேறு ஒன்றும் வேண்டாம்.

சங்கமித்ரா


பொம்மனஹள்ளி,
30.9.2024

மித்ரா,

கேட்டாய். ‘கவர் வேணுமா’ என்று கேட்பாயே, அந்த மாதிரிக் கேட்டாய். பக்கத்தில் இரண்டு ஆம்பிளைகள் நின்றிருந்தார்கள். கல்யாணமாகி நாலு வருஷமாக வயிறு திறக்காதவளிடம் அப்படித்தான் கேட்பதா? “நாலு வருஷமா வராதது இந்த மாசம் வந்துடப் போவுதா” என்றேன். நீயும் சிரித்தாய். சிரித்துக்கொண்டே டியூபைக் கவரில் போட்டாய். அதையும் எழுதியிருக்க வேண்டியதுதானே?

நீ மருந்து தெரிந்தவள். நான் சேலை விலை மட்டும் தெரிந்தவள். “நாள் தள்ளினா உடனே நிறுத்திடு, எனக்குப் போன் பண்ணு” என்று ஒரு வார்த்தை சொன்னாயா? பட்டாணி அளவு சொன்னாய், வெயில் சொன்னாய், இதைச் சொல்லவில்லை.

செப்டம்பர் ஒன்பதாம் தேதி கடை பாத்ரூமில் எனக்கு என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. நான் சொல்லவும் போவதில்லை. ஏழு வாரம். என் மாமியார் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், “மூஞ்சிய மினுக்கப் போயி புள்ளைய தொலைச்சிட்டா” என்கிறார். நான் அதே அறையில் காபி டம்ளரோடு நிற்கிறேன்.

வேலை போய்விட்டது என்று எழுதியிருக்கிறாய். பெங்களூரில் தெருவுக்கு இரண்டு மருந்துக்கடை இருக்கிறது. எனக்குப் போனது எந்தக் கடையில் கிடைக்கும்?

இனி எழுதாதே.

ஜூடித்


மர்பி டவுன்,
5.10.2024

ஜூடித்துக்கு,

எழுதாதே என்றாய். எழுதுகிறேன். இதற்குப் பிறகு நிறுத்திக்கொள்கிறேன்.

சிரித்தேன். ஒப்புக்கொள்கிறேன். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தச் சிரிப்பு காதில் கேட்டுக்கொண்டே இருக்கிறது. நாள் தள்ளினால் நிறுத்து என்று சொல்லவில்லை, அதுவும் நிஜம். உன்னைத் திட்டியாவது டாக்டரிடம் அனுப்பியிருக்க வேண்டும். சீட்டில்லாமல் கொடுத்தது என் தப்பு. அதற்கு வேலை போனது சரிதான், சந்தானம் சார்மீது எனக்குக் கோபமில்லை.

ஆனால் கொலைகாரி என்ற பேரை நான் வாங்கிக்கொள்ள மாட்டேன். எங்கள் தெருவில் இப்போது என்னைக் கண்டால் பேச்சை நிறுத்துகிறார்கள். அம்மா தண்ணீர் பிடிக்கப் போய் அழுதுகொண்டு வருகிறாள்.

கடைக்கு மேல்மாடியில் க்ளினிக் வைத்திருக்கும் ஃபாத்திமா டாக்டரிடம் போனேன். உன் பெயரைச் சொல்லவில்லை. விஷயத்தை மட்டும் சொன்னேன். அவர் முதலில் என்னைக் கிழித்தார். கர்ப்பத்தில் இந்த ஜெல் போடக் கூடாது, தெரிந்ததும் நிறுத்த வேண்டும், நீயெல்லாம் கவுண்டரில் நிற்கலாமா என்றார். நான் தலை குனிந்து கேட்டுக்கொண்டேன். பிறகு உட்காரச் சொன்னார். “மேல பூசுறதுல ரத்தத்துக்குப் போறது ரொம்பக் கொஞ்சம்மா. ஆரம்பத்துல கலையறது முக்கால்வாசி கரு சரியா உருவாகாததால. இந்த ஜெல்தான் காரணம்னு எந்த டாக்டரும் அடிச்சிச் சொல்ல முடியாது” என்றார்.

உன்னைப் பார்த்த டாக்டர் உன்னிடம் வேறு மாதிரியா சொன்னார்? இல்லை, உன் மாமியார் சொன்னதுதான் உனக்கு டாக்டர் சொன்னதா?

இன்னொன்று கேட்கிறேன். எரிக் தூக்கி அடித்த டியூப் கவுண்டரிலேயே கிடந்தது. நான்தான் எடுத்துக் குப்பையில் போட்டேன். ஜூலைக் கடைசியில் நீ வாங்கிய இரண்டாவது டியூப் அது. கடைசிவரை பிதுக்கி மடித்திருந்தது. நீ எப்போது நிறுத்தினாய்?

சங்கமித்ரா


பொம்மனஹள்ளி,
14.10.2024

மித்ரா,

ஆகஸ்ட் இருபத்தெட்டாம் தேதிவரை போட்டேன்.

பத்தொன்பதாம் தேதியே எனக்குத் தெரியும். குச்சியில் இரண்டு கோடு வந்தது. டியூப் அட்டைப்பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் காகிதத்தையும் படித்தேன். கர்ப்பிணிகள் போடக் கூடாது என்று இருந்தது. படித்துவிட்டு மறுபடியும் பெட்டியிலேயே மடித்து வைத்தேன்.

இருபத்தொன்பதாம் தேதி எரிக்கின் தங்கை கல்யாணம். நிச்சயதார்த்தத்தன்று போட்டோக்காரரிடம் என் மாமியார், “அந்தப் பொண்ண ஓரமா நிக்க வைப்பா, மூஞ்சி படத்துல விழ வேணாம்” என்றார். என் காதுபடச் சொன்னார். இரண்டு மாதம் தோல் உரிந்து, வெந்து, அப்போதுதான் என் முகம் எனக்குத் திரும்பக் கிடைத்திருந்தது. பத்து நாள்தானே என்று நினைத்தேன். கல்யாணத்தில் மேடைக்கு நடுவில் நின்றேன். அந்தப் படம் வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது. அதை என்னால் பார்க்க முடியவில்லை.

கலைந்த பிறகு எரிக் அலமாரியில் அந்த டியூபைப் பார்த்துவிட்டான். போனில் பெயரைத் தட்டிப் படித்தான். “இத யாரு குடுத்தது?” என்றான். உன் பெயரைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். “மாசமா இருக்கேன்னு சொல்லித்தான் கேட்டேன், ஒண்ணும் ஆவாதுன்னு மித்ரா சொன்னா” என்றேன். பொய் என்று தெரிந்தே சொன்னேன். அவன் கோபம் என் பக்கம் திரும்பிவிடுமோ என்ற பயம். கடைக்கு இழுத்துக்கொண்டு வருவான் என்று நினைக்கவில்லை. வந்த பிறகு வாயைத் திறக்கவும் இல்லை.

உன் டாக்டர் சொன்னதைத்தான் ஆஸ்பத்திரியில் என் டாக்டரும் சொன்னார். எரிக் அப்போது மருந்து வாங்கப் போயிருந்தான். அவனிடம் நான் சொல்லவில்லை. உன்மீது எல்லோரும் கோபமாக இருந்த வரைக்கும், தெரிந்த பிறகும் போட்டாயா என்று என்னை யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை எரிக்கிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவன் அம்மாவும் பக்கத்தில் இருக்கட்டும் என்று மாமியாரையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். ‘ஓரமா நிக்க வை’ என்றதையும் சொன்னேன். அவர், “நான் எப்ப சொன்னேன்?” என்றார். எரிக் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டான். இன்னும் என்னோடு பேசவில்லை.

இன்று காலை உன் சந்தானம் சாரையும் பார்த்தேன். கடையில் ஆட்கள் இருந்தபோதுதான் சொன்னேன். அன்றைக்கும் ஆட்கள் இருந்தார்களே. அவர், “நீ சொன்னது நல்லதும்மா. ஆனா சீட்டு இல்லாம குடுத்தது குடுத்ததுதான்” என்றார். உன் வேலையை என்னால் திருப்பித் தர முடியவில்லை.

இருபத்திரண்டாம் தேதி செவ்வாய்க்கிழமை சிவாஜி நகர் ஆஸ்பத்திரியில், கர்ப்பப்பை சுத்தமாகிவிட்டதா என்று பார்க்க மறுபடி ஸ்கேன். “நீயே போய்க்கோ” என்று எரிக் துண்டுக் காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜ்மேல் வைத்திருக்கிறான். போய்க்கொள்வேன். உன்னிடம் எதையும் கேட்டு இதை எழுதவில்லை. ப்ளாக்கை எடுத்துவிட்டேன், நீ கூப்பிட வேண்டும் என்பதற்காக இல்லை.

ஜூடித்


மர்பி டவுன்,
17.10.2024

ஜூடித்துக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். மூன்று தடவையும் கோபம்தான் வந்தது. மூன்றாம் தடவை உன்மேல் மட்டுமாக இல்லை. மேடையில் நடுவில் நிற்பதற்கு ஒருத்தி இவ்வளவு பாடுபட வேண்டியிருக்கிறதே என்று அந்த வீட்டின்மேலும் வந்தது. அதற்காக உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. பத்துப் பேர் நடுவில் என்னைக் கொலைகாரி ஆக்கிவிட்டு நீ தரையைப் பார்த்தாய். அதை என்னால் இப்போது மன்னிக்க முடியாது. எப்போது முடியும் என்றும் தெரியாது. முடியாமலே போகலாம்.

எனக்கு ஓசூர் ரோட்டில் ஒரு மருந்து குடோனில் பேக்கிங் வேலை கிடைத்திருக்கிறது. முதல் தேதியிலிருந்து போக வேண்டும். அதுவரை சும்மாதான் இருக்கிறேன்.

அந்த மாதிரி ஸ்கேனுக்கு யாரும் தனியாகப் போகக் கூடாது. செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குச் சிவாஜி நகர் பஸ் ஸ்டாண்டில், பூக்கடை பக்கம் நிற்பேன். உன்னோடு வருவேன், டாக்டர் அறைக்குள்ளும் வருவேன், முடிந்ததும் உன்னை பஸ் ஏற்றிவிடுவேன்.

வழியில் என்னிடம் பேச்சுக் கொடுக்காதே.

சங்கமித்ரா