வாசிக்கப்படாத மூன்றாவது ஓலை

அன்புமிக்க உபதேசியார் அண்ணாச்சிக்கு,

எழுத உட்கார்ந்தால் முதலில் எண் போடுகிறவன் என்று என்னைச் சிரிப்பீர்கள். இன்றும் போடுகிறேன். எண் இருந்தால் கொஞ்சம் பிடிமானம்.

1. தீர்ப்பு வரும்வரை நம் பங்குச் சாமியார் குற்றவாளி அல்ல.
2. செல்வமேரியின் கல்யாண ஓலையை நிறுத்தி வைத்தது இரு தரப்புக்கும் பொதுவான ஏற்பாடு.
3. நாளை கோர்ட்டில் நான் சொல்ல வேண்டியது.

நீங்கள் இறந்த பிறகு வழக்கு விசாரணைக்கு வந்துவிட்டது. சாமியார் தரப்புச் சாட்சியாக என்னை அழைத்திருக்கிறார்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் அதே கோர்ட்டில் பெஞ்ச் கிளார்க்காக இருந்து எத்தனையோ பேருக்குச் சத்தியப் பிரமாணம் சொல்லிக்கொடுத்தவன் நான். நாளை அந்தக் கூண்டில் நானே ஏற வேண்டும்.

உங்களுக்குத் தெரிந்த கதைதான். வரிசையாகச் சொன்னால்தான் எனக்குத் தெளியும். மில்லில் வேலை பார்த்த செல்வமேரிக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஞாயிறு பூசையில் இரண்டு முறை கல்யாண அறிவிப்பு ஓலை வாசித்தீர்கள். தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்றாம் முறையும் வாசித்துவிட்டால் கல்யாணம். அதற்குள், ஞானஸ்நானச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் சாமியார் தன்னிடம் முறைகேடாக நடந்தார் என்று அவள் சொன்னாள். அவர் மறுத்தார். கோயில் காரியங்களைப் பார்க்கும் நம் பங்குப் பேரவை கூடியது.

"சாமி மேலயே பழி போடுதா. அவளுக்கு ஓலை ஒரு கேடா?" என்று தலைவர் கத்தினார்.

நான் எழுந்து, நிரூபிக்கும் வரை எவரும் நிரபராதி என்றேன். அதில் இன்றும் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் நீங்கள் மெதுவாகக் கேட்டீர்கள்: "சரி தம்பி, சாமி நிரபராதி. அவ பொய்க்காரின்னு எந்தக் கோர்ட்ல தீர்ப்பாச்சு? ஒம்ம கோர்ட்லயா?"

சிலர் சிரித்தார்கள். நான் உட்கார்ந்துவிட்டேன். வாசலில் நின்ற செல்வமேரிதான் பேசினாள்: "தடை இருந்தா சொல்லுங்கன்னுதான கேப்பிய? சாமி என்ன செஞ்சாருன்னு நான் சொன்னது என் கல்யாணத்துக்கு எப்படித் தடையாகும்?"

தலைவர் சொல்லச் சொல்ல, செயலாளரான நான் மினிட் புத்தகத்தில் எழுதினேன்: 'புகார் உண்மையற்றது. அதைத் திரும்பப் பெறும்வரை ஓலை வாசிக்கப்படாது.' மாப்பிள்ளை வீட்டார் தேவதானத்திலிருந்து வந்து, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவள் போலீசுக்குப் போனாள்.

நேற்று சாமியாரின் வக்கீல் மினிட் புத்தகத்தின் அந்தப் பக்கத்தை விரலால் தட்டினார். "ஐயா, இந்த ஒரு வரி போதும். விசாரிச்சு, பொய்யின்னு கண்டு எழுதினோம்னு சொல்லிருங்க."

யாரை விசாரித்தோம், அண்ணாச்சி? அவளை உள்ளேகூடக் கூப்பிடவில்லையே.

வெளியே வந்ததும் தலைவர் என் தோளில் கை போட்டார். "நாளைக்கு நீரு செத்தாலும் கோயில் மணி அடிக்கணும்லா? பாத்துச் சொல்லும்."

உங்களுக்கு அடித்த மணி இன்னும் காதில் இருக்கிறது. எனக்கு யார் அடிப்பார்கள்? இந்த வயதில் இதற்கா பயப்படுகிறேன்? ஆமாம், இதற்குத்தான் பயப்படுகிறேன்.

சாமியார் செய்தாரா என்று கேட்டால், தெரியாது என்பேன். யார் கேட்டாலும் அதே பதில்தான். அவர் குற்றமற்றவராகவே இருக்கலாம். அப்படியானால் அவரைக் காப்பாற்ற என் பொய் எதற்கு? அந்த வரி விசாரிக்காமல் எழுதியது. அதைச் சொல்லிவிடுவேன், அண்ணாச்சி. குரல் எழும்பாவிட்டால் இன்னொரு முறை சொல்வேன். இது உங்களுக்கு என் வாக்கு.

மேலே போட்ட இரண்டாவது எண்ணை அடிக்கப் பேனாவை எடுத்தேன். ஆவணத்தில் அடித்தல் கூடாது என்ற பழைய பழக்கம் விடவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்: அது பொதுவான ஏற்பாடு அல்ல. தண்டனை. சாமியார், செல்வமேரி என்ற இரண்டு பேரில் அவளுக்கு மட்டும் கொடுத்த தண்டனை. நான் எழுதியது தவறு.

உங்கள் கேள்விக்கு இத்தனை காலம் கழித்துப் பதில் சொல்லும்,
உங்கள் தம்பி